ஒரிஜினல் பரந்தாமனின் இன்ஜின்

பருத்திப்பட்டில் வெறும் பரந்தாமன் என்று விசாரித்தால் யாருக்கும் சட்டென்று பிடிபடாது. ஒரிஜினல் பரந்தாமன் என்று கேளுங்கள், வாசல் வரைக்கும் கூட்டிவந்து விட்டுவிட்டுப் போவார்கள். சாமியானா, நாற்காலி, சமையல் பாத்திரம் எல்லாம் வாடகைக்கு விடுகிறவர். ஏரியை ஒட்டி அவர்கள் குடும்பத்துக்கு இருந்த நிலத்தில் பாதி அடுக்குமாடியாகிவிட்டது. மீதியில் அவர் வீடும் கடையும் இருக்கின்றன. மனிதர் கெட்டவர் இல்லை. யார் வீட்டில் சாவு விழுந்தாலும் கூப்பிடாமலே முதல் ஆளாகப் போய்ப் பந்தல் போட்டுக் கொடுப்பவர். ஆனால் வண்டி என்று வந்துவிட்டால் வேறு ஆள்.

வண்டி என்றால் புல்லட். கல்யாணத்துக்கு முன்பு ஷோரூமிலிருந்து நேராக வீட்டுக்கு ஓட்டிவந்த கறுப்பு புல்லட். "போல்ட்டு நட்டு வரிக்கும் கம்பெனி போட்டதுடா. ஒரு ஸ்குரூ மாத்தல. எல்லாம் ஒரிஜினல்" என்று அவர் சொல்லாத நாள் கிடையாது. அடைமொழி அப்படி வந்ததுதான். தன் வண்டியைப் பற்றிச் சொல்லிவிட்டுச் சும்மா இருந்தாலும் பரவாயில்லை. அக்கம்பக்கத்தில் யாராவது பழைய வண்டி ஒன்றை ஆசை ஆசையாக வாங்கிக்கொண்டு வந்தால் போதும், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அதன் பக்கத்தில் குந்திவிடுவார். "டேங்க் வேற வண்டிது. மட்கார்டு டூப்பு. இந்த சைலன்சர எவன் தலையில கட்டுனான்?" என்று அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்துப் போட்டுவிட்டுத்தான் எழுந்திருப்பார். வாங்கியவன் முகம் சுருங்கிப்போகும். அன்றைக்கு இவருக்கு ராத்திரிச் சாப்பாடு கொஞ்சம் கூடுதலாகவே இறங்கும்.

தன் வண்டியின் இன்ஜின் நம்பரைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார். அதன் கடைசி நான்கு எண்கள், ஆறு ஒன்று எட்டு மூன்று, அந்த வீட்டில் எல்லாவற்றுக்கும் சாவி. ஏ.டி.எம். அட்டைக்கு அதுதான், கேட்டில் தொங்கும் எண் பூட்டுக்கு அதுதான். மகள் வர்ஷாவுக்கு முதன்முதலாகப் போன் வாங்கிக் கொடுத்தபோது அதற்கும் அதையே வைத்துக் கொடுத்தார். மனைவி வசந்தாவின் பிறந்தநாளைப் பலமுறை மறந்திருக்கிறார். இந்த நான்கு எண்களை மறந்ததே இல்லை.

ஆயுத பூஜைக்கு எல்லோரும் வண்டியின் ஹெட்லைட்டுக்குப் பொட்டு வைப்பார்கள், டேங்குக்கு வைப்பார்கள். பரந்தாமன் நம்பருக்கு வைப்பார். சிலிண்டருக்குக் கீழே, இன்ஜினின் இடது பக்கம், எண் பொறித்திருக்கிற இடம் இரண்டு விரல் அகலம்தான் இருக்கும். அதன்மேல் சந்தனத்தைக் குழைத்து அப்பி நடுவில் குங்குமம் வைத்துக் கற்பூரம் காட்டுவார். அப்புறம் வண்டியைக் கழுவும்போது அந்த இடத்தில் தண்ணீர் படக்கூடாது, துணி படக்கூடாது. வருஷத்துக்கு ஒரு பூச்சு ஏறி ஏறி, எண் இருந்த இடம் காய்ந்து மேடு தட்டிவிட்டது. ஆர்.சி. புதுப்பிக்கிற நேரத்தில் எண்ணின்மேல் பென்சிலைத் தேய்த்து அச்செடுத்துத் தரவேண்டும் என்பார்கள். புரோக்கர் எந்தக் காலத்திலோ எடுத்து வைத்திருந்த அச்சின் நகலையே ஒட்டிக் கொடுத்து வேலையை முடித்துவிடுவார். ஒரிஜினல் பரந்தாமன் வண்டியைப் போய் யார் சந்தேகப்படப் போகிறார்கள்?

அப்படி ராஜாவாகத் திரிந்துகொண்டிருந்தவருக்கு வினை ஸ்ரீராம் உருவத்தில் வந்து சேர்ந்தது. கரூர்க்காரப் பையன். அவனுக்கும் மனைவி பவ்யாவுக்கும் அம்பத்தூரில் ஐ.டி. வேலை. பரந்தாமன் குடும்பத்து நிலத்தில் எழும்பிய அதே அடுக்குமாடியில் குடிவந்தார்கள். வந்த கொஞ்ச நாளில் அவன் ஒரு பழைய புல்லட்டை வாங்கினான். வாங்கி, கரும்பச்சை பெயின்ட் அடித்து, டேங்கில் தங்க நிறக் கோடு இழுத்து, கம்பிகளையெல்லாம் முகம் பார்க்கிற அளவுக்குப் பளபளக்க வைத்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் ஏரிக்கரையில் அமல்ராஜின் டீக்கடை முன்னால் கொண்டுவந்து நிறுத்தினான். நடைப்பயிற்சிக்கு வந்தவர்கள் நடையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். ஒரு அம்மாள் தன் பேரனைத் தூக்கி அதன் சீட்டில் உட்காரவைத்துப் போட்டோ எடுத்துக்கொண்டாள். பத்தடி தள்ளி நின்ற பரந்தாமனின் வண்டிமேல் ஒரு காக்கை உட்கார்ந்திருந்தது.

பரந்தாமனுக்கு வயிறு கபகபவென்று எரிந்தது. அதை மறைக்கத் தெரிந்தவரா என்றால், அதுவும் இல்லை.

"இன்னா நைனா, கிழவிக்கு மேக்கப் போட்டா மாதிரி கீது" என்றார்.

ஸ்ரீராம் சிரித்தான். "சார், உங்க வண்டியைப் பாத்துத்தான் எனக்கு இந்த ஆசையே வந்துச்சுங்க. பால்கனியில நின்னு தினமும் பாப்பேன்."

இப்படிச் சொல்கிறவனை வைத்துக்கொண்டு என்ன செய்வது? திட்டவும் வழியில்லாமல் செய்துவிட்டான். இதில் அமல்ராஜ் வேறு டீயை ஆற்றிக்கொண்டே எண்ணெயை ஊற்றினான்.

"அண்ணாத்தே, தம்பி வண்டி சவுண்டக் கேட்டியா? இன்னா சவுண்டு! ஊட்ல கீறவன்லாம் வெளிய வந்து பாக்குறான்."

"தகர டப்பால கல்லப் போட்டு ஆட்டுனாகூடத்தான் வெளிய வந்து பாப்பான். அது ஒரு சவுண்டா? டூப்ளிகேட் சவுண்டு. என் வண்டிதான் சவுண்டு."

அவர் வண்டியோ அந்தச் சமயம் பார்த்துப் புகை கக்க ஆரம்பித்திருந்தது. கிளப்பினால் தெருவே மங்கிப்போகும். வண்டி ஒரு பக்கம் புகைய, அவர் ஒரு பக்கம் புகைந்தார். டீக்கடை முன்னால் நல்ல இடத்தைப் பிடிக்கவேண்டும் என்பதற்காக, கடை திறக்கும் முன்பே போய் வண்டியை நிறுத்தினார். புது சீட் உறை போட்டார். ஸ்ரீராம் வண்டி கிளம்பும் சத்தம் கேட்டால் கையில் இருப்பதை அப்படியே போட்டுவிட்டு ஜன்னலுக்கு ஓடிப்போய்ப் பார்ப்பார், பார்த்துவிட்டு முணுமுணுப்பார். வசந்தா ஒருநாள் பொறுக்கமாட்டாமல் சொல்லிவிட்டாள்.

"எதிர்த்த ஊட்டுப் பொண்ணப் பாக்குறவன்கூட இப்புடி ஓடமாட்டான்யா."

இந்த நிலைமையில்தான் வர்ஷாவுக்குக் கல்யாணம் நிச்சயமானது. மாப்பிள்ளை வினோத், பூந்தமல்லிப் பையன். அப்பா ஜானகிராமன் பெரிய மனிதர், எதற்கும் குறை சொல்லாதவர். ஆவடியில் மண்டபம். ஊரில் உள்ள எல்லாக் கல்யாணங்களுக்கும் நாற்காலி போட்டவர் தன் வீட்டுக் கல்யாணத்துக்குப் போடப்போகிறார் என்று பரந்தாமன் தலைகால் தெரியாமல் குதித்துக்கொண்டிருந்தார். ஒருநாள் வர்ஷா வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"அப்பா, ரிசப்ஷனுக்கு நான் கார்ல வரல. புல்லட்ல வர்றேன். இப்பல்லாம் பொண்ணுங்க அப்புடித்தான் மண்டபத்துக்குள்ள வர்றாங்க."

முப்பது வருஷத்துக்கும் மேலாகத் துடைத்துத் துடைத்து வைத்தது இதற்குத்தான் என்று பரந்தாமனுக்குத் தோன்றிவிட்டது. தான் பட்டு வேட்டியோடு ஓட்ட, மகள் பின்னால் உட்கார்ந்திருக்க, மண்டபத்து வாசலில் நாதஸ்வரம் நின்று தன் வண்டிச் சத்தம் மட்டும் கேட்பதுவரை அவர் மனக்கண்ணில் ஓடிவிட்டது. "வண்டிய இன்னிக்கே பாலிஷ் போட குடுத்துர்றேம்மா" என்று எழுந்தேவிட்டார்.

"அதெல்லாம் வேணாம்பா. ஸ்ரீராம் அண்ணாகிட்ட அவரு வண்டியக் கேட்டுட்டேன். சரின்ட்டாரு."

எழுந்தவர் அப்படியே நின்றார்.

"அவன் வண்டி இன்னாத்துக்கு? நம்ம வண்டிக்கு இன்னா கொறச்சல்?"

"பொக வுடுதுப்பா. உள்ள வந்தா கொசு மருந்து அடிக்க வந்த வண்டின்னு நெனச்சு எல்லாரும் மூக்கப் பொத்திப்பாங்க."

வசந்தா அடுப்படியில் இருந்தபடியே சிரித்துவிட்டாள். வேறு எவன் வண்டியாக இருந்தாலும் பரந்தாமனுக்கு இத்தனை வலித்திருக்காது. அவனுடைய வண்டியில், பெற்ற மகள், ஊர் முழுக்கப் பார்க்க வரப்போகிறாள். அன்றைக்கு அவர் சாப்பிடவில்லை. பொறாமை என்று அதற்குப் பெயர் சொன்னால் அவர் ஒத்துக்கொண்டிருக்கமாட்டார். ஆனால் அதற்கு வேறு பெயர் கிடையாது.

அவருக்கு ஒரு சந்தேகம் ஏற்கெனவே இருந்தது. ஸ்ரீராம் வண்டியின் உடம்பு ஒரு வயசு, இன்ஜின் ஒரு வயசு என்று அவர் கண்ணுக்குப் பட்டிருந்தது. யாரோ இன்ஜினை மாற்றிப் போட்டு விற்றிருக்கிறான். நம்பரைப் படித்து ஆர்.சி.யோடு ஒப்பிட்டுவிட்டால் குட்டு உடைந்துவிடும். நம்பர் பொருந்தாத வண்டியைப் போலீஸ் மடக்கினால் கல்யாணப் பெண் மாலையும் கழுத்துமாக நடுரோட்டில் நிற்கவேண்டும் என்று சொன்னால், எந்தப் பெண்தான் அதில் ஏறுவாள்? வேறு வழியில்லாமல் அப்பா வண்டிக்குத்தான் வருவாள். இப்படி ஒரு யோசனை உதித்ததும்தான் மனிதருக்குப் பசியே எடுத்தது.

ஞாயிற்றுக்கிழமை காலையில், "வாம்மா, அமல்ராஜ் கடைக்குப் போயி டீ குடிக்கலாம்" என்று வர்ஷாவைக் கூப்பிட்டார். பிறந்ததிலிருந்து அவளை அவர் டீக்கடைக்குக் கூப்பிட்டதில்லை. அவள் ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டுத்தான் கூடவே போனாள். ஸ்ரீராம் அங்கே இருந்தான். கடை முன்னால் வழக்கமான கூட்டமும் இருந்தது. கூட்டம் இருக்கவேண்டும் என்பதுதானே இவர் கணக்கு.

"தம்பி, ஆர்.சி. கீதா? பொண்ணு ஏறப்போற வண்டியாச்சே. பெத்தவன் பேப்பர் பாக்கணுமில்ல?"

"கண்டிப்பா சார்." ஸ்ரீராம் போனை எடுத்து ஆர்.சி.யைத் திறந்தான்.

விலைப்பலகை எழுதுகிற சாக்பீஸை அமல்ராஜிடமிருந்து வாங்கிக்கொண்டு பரந்தாமன் வண்டியின் இடது பக்கம் குந்தினார். சிலிண்டருக்குக் கீழே எண் இருந்த இடத்தில் சாக்பீஸைத் தேய்த்துக் கட்டைவிரலால் வழித்துவிட்டார். பள்ளங்களில் வெள்ளை தங்கி எண்கள் பளிச்சென்று எழுந்தன.

"நீ மொதல்ல உன் ஆர்.சி.ல கீறத படி."

ஸ்ரீராம் படித்தான். முதல் எண்ணே உதைத்தது. பரந்தாமனின் முகத்தில் ஒரு களை வந்தது பாருங்கள், மகள் பிறந்த அன்றுகூட வசந்தா அதைப் பார்த்திருக்கமாட்டாள்.

"நல்லாக் கேட்டுக்குங்கப்பா எல்லாரும்" என்றார். "ஆர்.சி.ல ஒண்ணு கீது, இங்க ஒண்ணு கீது. இன்ஜின் மாத்துன வண்டி. இப்ப நான் படிக்கிறேன்."

ஏலம் விடுகிறவர் குரலில் ஒவ்வொரு எண்ணாகப் படித்தார். முன் எண்கள் எங்கேயோ கேட்ட மாதிரி காதில் விழுந்தன. இருந்த குஷியில் அவர் கவனிக்கவில்லை. "ஆறு" என்றார். "ஒண்ணு" என்றார். "எட்டு" என்றார். அத்தோடு வாய் நின்றுவிட்டது.

"இன்னா அண்ணாத்தே, நின்னுட்ட?" என்றான் அமல்ராஜ்.

"கண்ணு தெரில. அழுக்கா கீது."

ஸ்ரீராம் குனிந்து பார்த்தான். "தெளிவா இருக்குதுங்களே சார். மூணு. ஆறு ஒண்ணு எட்டு மூணு."

வர்ஷா டீ கிளாஸை வாயருகே கொண்டுபோனவள் அப்படியே நிறுத்தினாள். பள்ளிக்கூட நாளிலிருந்து ஒரு நாளைக்கு எத்தனையோ தடவை அவள் விரல் அழுத்திய எண் அது. அப்பாவைப் பார்த்தாள். அப்பா சாக்பீஸைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்போ இது இன்ஜின் மாத்துன வண்டிதானுங்களா? விக்கும்போது சொல்லவே இல்லியே" என்று ஸ்ரீராம் தலையைச் சொறிந்தான். கூட்டம் மொத்தமும் பரந்தாமனைப் பார்த்தது. அவர் சொன்னது சரியாகிவிட்டது, அவர் ஜெயித்துவிட்டார், இனிமேல் பிரித்து மேயப் போகிறார் என்று காத்திருந்தது. அவரோ எழுந்து வேட்டியைத் தட்டிவிட்டுக்கொண்டு, வைத்த டீயைக்கூடக் குடிக்காமல், வண்டியைக் கிளப்பிப் புகையைக் கக்கிக்கொண்டு போய்விட்டார்.

வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக ஸ்குரூ டிரைவரை எடுத்துப் பொட்டைச் சுரண்டினார். சந்தனம் செதில் செதிலாகப் பெயர்ந்தது. வசந்தா பதறிக்கொண்டு ஓடிவந்தாள்.

"ஐயையோ, சாமிப் பொட்ட எதுக்குயா சொரண்டுற?"

"சும்மா கெட. இங்க சாமியே வேற கீதுடி."

கடைசிப் பூச்சும் உதிர்ந்ததும் எண்ணைப் படித்தார். இன்னொரு தடவை படித்தார். அது அவர் பிறந்ததிலிருந்து கேட்டிராத ஒரு நம்பர். கடைசியில் ஆறும் இல்லை, மூன்றும் இல்லை. இத்தனை ஆயுத பூஜைக்கும் யார் வீட்டு இன்ஜினுக்கோ கற்பூரம் காட்டியிருக்கிறார்.

பட்டாபிராமில் ரயில்வே கேட்டுக்குப் பக்கத்தில் கன்னியப்பனின் ஒர்க்‌ஷாப். அன்றுமுதல் இன்றுவரை பரந்தாமனின் வண்டியைத் தொட அனுமதி பெற்ற ஒரே மெக்கானிக் அவன்தான். பரந்தாமன் வந்து இறங்கிய வேகத்தையும், பொட்டு இல்லாத இன்ஜினையும் பார்த்ததுமே கன்னியப்பனுக்கு விஷயம் புரிந்துவிட்டது. கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே வைத்தான்.

"என் இன்ஜின் எங்கடா?"

"இத்தினி வருசம் கழிச்சு கேக்குற அண்ணாத்தே."

"திருட்டுப்பயலே, வித்துட்டியாடா?"

"கொஞ்சம் குந்து. நான் சொல்றதக் கேளு, அப்பால அடி." கன்னியப்பன் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டான். "வெள்ளம் வந்துச்சே, அந்த வருசம். ஏரித் தண்ணி ஏறி உன் வண்டி முழுசா முழுகிப் போச்சு. இன்ஜின் ஜாம். இங்க கொண்டாந்து போட்ட. அப்ப என் கடைல இதுமாரி எத்தினி வண்டி கெடந்துச்சு தெரியுமா? நீ வுட்டியா? காலைல வர்ற, சாயங்காலம் வர்ற. ஆச்சா, ஆச்சான்னு உசுர எடுத்த. உன் இன்ஜின லேத்துக்கு அனுப்பிட்டு, அதுவரிக்கும் ஓட்டட்டும்னு கைல இருந்த வேற இன்ஜின ஏத்திவுட்டேன். வந்தன்னா சொல்லலாம்னுதான் இருந்தேன். சத்தியமா."

"அப்பறம் ஏன்டா சொல்லல?"

"எங்க சொல்ல வுட்ட? வந்த, ஒதைச்ச, ஸ்டார்ட் ஆச்சு. நீ இன்னா சொன்ன, ஞாபகம் கீதா? இங்க நின்ன அத்தினி பேரையும் கூப்ட்டு, 'கேளுங்கடா, தண்ணில முழுகுனாலும் என் ஒரிஜினல் சவுண்டு மாறல பாருங்கடா'ன்ன. கண்ணுலேர்ந்து தண்ணி ஊத்துச்சு உனக்கு. என்னைக் கட்டிப்புடிச்சுகின. கையோட சாமி படத்தாண்ட இருந்த சந்தனத்த எடுத்து நம்பர் மேல அப்புன, படிச்சுக்கூடப் பாக்கல. அதுக்கு மேல நான் எந்த வாயால சொல்றது? உன் மானம் போவுமா, என் மானம் போவுமா? உன் இன்ஜின் லேத்துலேர்ந்து வந்துச்சு. இன்னொரு கஸ்டமர் வண்டிக்குப் போட்டுட்டேன். அந்த வண்டிதான் கைமாறி கைமாறி அந்தத் தம்பிகிட்ட வந்திருக்குது போல."

பரந்தாமன் அடிக்க வந்தவர்தான். அடிக்கவில்லை. தன் வண்டிச் சத்தம் என்று ஊரெல்லாம் பீற்றிக்கொண்டது அடுத்தவன் இன்ஜின். தகர டப்பா என்று திட்டியது தன் சொந்த இன்ஜின். இதில் கன்னியப்பனை எங்கே அடிப்பது? இத்தனை மாதமாக அவர் வயிறெரிந்து செத்தது தன் சொந்த இன்ஜினைப் பார்த்துத்தான் என்பது திரும்பி வரும் வழியில் ரயில்வே கேட் மூடி நின்றபோது உறைத்தது. அந்த இடத்தில் வாய்விட்டுச் சிரிக்கிற மனிதர்களும் உண்டு. பரந்தாமன் அந்த ரகம் இல்லை. இப்போது அவருக்கு எரிச்சல் இரண்டு மடங்காகியிருந்தது. என் பொருளையே வைத்துக்கொண்டு எனக்கே காட்டியிருக்கிறான் பார், என்று பல்லைக் கடித்தார்.

சாயங்காலம் ஸ்ரீராமும் பவ்யாவும் வீட்டுக்கே வந்துவிட்டார்கள். வர்ஷா சொல்லியிருக்கிறாள். பரந்தாமன் நாற்காலியில் விறைப்பாக உட்கார்ந்திருந்தார். வந்த பிள்ளைகளை உட்காரச் சொன்னதும் வசந்தாதான்.

"சார், அது உங்க இன்ஜின்னு வர்ஷா சொல்லுச்சுங்க. எனக்கு எதுவும் தெரியாது சார்" என்றான் ஸ்ரீராம். "நீங்க எடுத்துக்கோங்க. கன்னியப்பன் அண்ணன்கிட்டப் பேசிட்டேன். கல்யாணத்துக்கு முன்னாடியே ரெண்டையும் மாத்திக் குடுத்துடறேன்னாரு. உங்க வண்டியில இருக்கறது என் வண்டிக்கு வரட்டும், பரவாயில்லீங்க."

"அது பொக வுடும் தம்பி" என்றாள் வசந்தா.

"விடட்டும்ங்க அக்கா, பாத்துக்கலாம்."

கேட்காமலே, முகம் கோணாமல், ஒரு வாய் காபியைக் குடித்தபடி தூக்கிக் கொடுத்துவிட்டான். பரந்தாமனுக்கு அதுதான் தாங்கவில்லை. சண்டை போட்டிருந்தால், இல்லை என்று மறுத்திருந்தால், இவர் நாலு பேரைக் கூட்டி வாங்கியிருப்பார், வாங்கியதில் ஒரு கெத்து இருந்திருக்கும். வண்டிதான் அவனுக்கு நல்லதாக வாய்த்தது என்று பார்த்தால், மனசும் அவனுக்கே நல்லதாக வாய்த்திருக்கிறது. கொடுத்து வைத்தவன் என்பார்களே, அவன் கொடுக்கவும் கொடுத்து வைத்தவன்.

இருந்தாலும் கிடைப்பதை விட அவர் என்ன முட்டாளா? அவர்கள் படியிறங்கியதும் வர்ஷா பக்கம் திரும்பினார்.

"அப்ப முடிஞ்சிது. இன்ஜின் நம்ம வண்டிக்கு வந்துருது. பொகயும் இல்ல. நீ நம்ம வண்டிலதான் மண்டபத்துக்கு வர்ற. நான் ஓட்றேன், நீ பின்னால குந்திக்க."

"யாரும் ஓட்ட வேணாம்பா. நான்தான் ஓட்டிகினு வரப்போறேன்."

"நீயா? உனக்கு எங்க ஓட்டத் தெரியும்?"

"தெரியும். ஸ்ரீராம் அண்ணாவும் பவ்யாக்காவும் கத்துக் குடுத்தாங்க. முத்தாபுதுப்பேட்ட ரோட்ல. மொத நாளே கீழ போட்டேன். டேங்க்ல இம்மாம் நீளத்துக்குக் கீறல். கை கால் நல்லாருக்கான்னுதான் ரெண்டு பேரும் கேட்டாங்க."

"ஏன், என்னைக் கேட்டிருந்தா நான் சொல்லிக் குடுத்திருக்கமாட்டனா?"

வர்ஷா சிரித்தாள். அது நல்ல சிரிப்பு இல்லை.

"கேட்டேன்பா. ஸ்கூல் முடிச்சப்ப கேட்டேன். காலேஜ்ல கேட்டேன். கிக்கர் எதுத்து ஒதைக்கும், காலு போயிரும்ன. ஒருவாட்டி ஸ்டாண்டு போட்டு நின்ன வண்டில ஏறிக் குந்துனதுக்கு, வளையல் பட்டு பெயின்ட் போயிரும்னு கையப் புடிச்சு எறக்கிவுட்ட. உனக்கு ஞாபகம் இருக்காது. எனக்கு இருக்குது. அது ஒரிஜினல் இன்ஜினா, மாத்துன இன்ஜினா, யாரு இன்ஜினா இருந்தா எனக்கின்னாப்பா? அவுரு சாவியக் குடுத்தாரு."

சொல்லிவிட்டு அவள் உள்ளே போனாள். வசந்தா எதையாவது சொல்லிச் சமாளிப்பாள் என்று பரந்தாமன் திரும்பிப் பார்த்தார். அவளும் காபி டம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

ஒரு மனிதனைச் சும்மா திட்டினால் பதிலுக்குத் திட்டலாம். உள்ளதைச் சொல்லிவிட்டால் என்ன செய்வது? ஸ்ரீராமுக்கு முன்னால் தானே முந்திக்கொண்டு, இந்தா ஓட்டு என்று ஒரே ஒரு நாள் சொல்லியிருக்கலாம் என்பது பரந்தாமனுக்கு இப்போதுதான் தெரிந்தது. அவன் மேல் எரிந்தது இன்னமும் எரிந்தது. ஆனால் இந்தத் தடவை வண்டிக்காக எரியவில்லை. ஆள் நடமாட்டம் இல்லாத ரோட்டில் மகள் முதன்முதலாக கிளட்சை விட்டபோது கூட ஓடியிருப்பது அவன்தானே, அதற்காக எரிந்தது.

அப்புறம்தான் இன்னொன்று உறைத்தது. இன்ஜினை மாற்றினால் அந்தப் புகை இன்ஜின் ஸ்ரீராம் வண்டிக்குப் போகும். வர்ஷா ஏறப்போவது ஸ்ரீராம் வண்டியில்தான். அப்படியானால் கல்யாணப் பெண் புகைமூட்டத்தோடுதான் மண்டபத்துக்குள் வருவாள், பூந்தமல்லிக்காரர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு பார்ப்பார்கள்.

மறுநாள் கன்னியப்பனுக்குப் போன் போட்டு, "ரெண்டையும் கெடக்கற எடத்துலயே வுட்ரு" என்றார்.

"இன்னா அண்ணாத்தே, வேணாமா உன் ஒரிஜினலு?"

"வுட்ருன்னா வுட்ரு."

இன்ஜின் மாறியதை ஆர்.சி.யில் முறைப்படி பதியவேண்டும், அதற்கு இன்ஜினின் பழைய சொந்தக்காரர் கையெழுத்து வேண்டும் என்று ஸ்ரீராம் தயங்கித் தயங்கி வந்து கேட்டான். பரந்தாமன் அவன் முகத்தைப் பார்க்காமல் போட்டுக் கொடுத்தார். பெருந்தன்மை வந்துவிட்டது என்று நினைக்கவேண்டாம். பேனாவை அழுத்திய அழுத்தில் காகிதம் கிழிந்துவிட்டது, இன்னொரு காகிதத்தில் மறுபடியும் போடவேண்டியிருந்தது.

ரிசப்ஷன் அன்று மண்டபத்து வாசலில் விளக்கு, பூ, செண்டை மேளம் எல்லாம் இருந்தன. பரந்தாமன் பட்டு வேட்டியில், சம்பந்தி ஜானகிராமன் பக்கத்தில் நின்றிருந்தார். தெருமுனையில் சத்தம் கேட்டது. நல்ல, நிறுத்தி நிதானமான சத்தம். மேளக்காரர்கள் தாங்களாகவே நிறுத்திவிட்டார்கள். அரக்கு நிறப் பட்டும் கறுப்புக் கண்ணாடியுமாக வர்ஷா கரும்பச்சை புல்லட்டை ஓட்டிக்கொண்டு வந்தாள். கை நடுங்கவில்லை, வண்டி உதறவில்லை. வாசல் வளைவில் வேகத்தைக் குறைத்து, கியரை மாற்றி, ஒரு காலை ஊன்றி நிறுத்தியபோது கூட்டம் கத்தித் தீர்த்தது. அமல்ராஜ் விரலை மடித்து வைத்து விசில் அடித்தான். மாப்பிள்ளை வினோத் வாயைப் பிளந்துகொண்டு நின்றான்.

"அம்மாடி! என்னா அம்சமா ஓட்டுது நம்ம பொண்ணு!" ஜானகிராமன் பரந்தாமனின் தோளைப் பிடித்து உலுக்கினார். "உங்களுக்கு வண்டின்னா உசுருன்னு சொன்னாங்க. நீங்கதான் சொல்லிக் குடுத்தீங்களா சம்பந்தி?"

தலையை ஆட்டினால் போதும். இந்த இரைச்சலில் யார் கேட்கப் போகிறார்கள்? வர்ஷாவே மறுத்துப் பேசமாட்டாள். ஸ்ரீராம் எதிர்ப்பக்கம், கூட்டத்துக்குப் பின்னால் பவ்யாவோடு நின்று, தன் வண்டியைப் பார்க்காமல் வர்ஷாவைப் பார்த்துக் கைதட்டிக்கொண்டிருந்தான். பரந்தாமனுக்கு வயிறு எரிந்தது, நெஞ்சு எரிந்தது, கண்ணும் எரிந்தது.

"இல்லீங்க சம்பந்தி" என்றார். "அதோ, அந்தத் தம்பி."

ஜானகிராமன் இரண்டு கைகளையும் நீட்டிக்கொண்டு ஸ்ரீராமை நோக்கிப் போனார்.